செலவுப் பட்டியலில் ஒரு மணி நேரம்

கையிலிருந்த டீ கிளாஸ் நழுவி விழுந்தது. "மாலா, கை இன்னாவோ மரத்துகினு வருது" என்றார் என் வீட்டுக்காரர். கல்பாக்கத்துக்கு ஆட்களை ஏற்றிப்போகும் வேன் ஓட்டியவர் அவர். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்குள் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பக்கவாதம் (மூளைக்குப் போகும் இரத்தம் தடைபட்டு ஒரு பக்கம் செயலிழப்பது) என்றார்கள். பேச்சும் போயிற்று.

அரசு உதவித்தொகைக்கு ஊனச் சான்றிதழ் வேண்டும் என்று மருத்துவக் குழுவிடம் வரச் சொன்னார்கள். அங்கேதான் நான் அந்த முட்டாள்தனத்தைச் செய்தேன். பெரிய டாக்டர்கள் பார்க்கப்போகிறார்களே என்று அவருக்கு முகம் மழித்து, தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டுவிட்டேன். நாலடி நடக்கவும் கையைத் தூக்கி வணக்கம் வைக்கவும் ஒரு வாரமாகப் பழக்கியிருந்தேன். அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு செய்துகாட்டினார்.

"நல்லா தேறிட்டாரேம்மா" என்றார் டாக்டர். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சான்றிதழில் ஊன சதவீதம் தேவையானதற்குக் கீழே இருந்தது. மனு தள்ளுபடி. வீட்டுக்கு வந்தபின் மூன்று நாள் அவரால் எழுந்திருக்கவே முடியவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், அழுக்குச் சட்டையோடே அழைத்துப் போங்கள். மானம் மரியாதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஊரப்பாக்கத்தில் ஒரு பெண் வக்கீல் வழக்குப் போட ஒப்புக்கொண்டார். "ஃபீஸ் பத்தி இப்போ பேசாதீங்கக்கா. ஜெயிச்சா கவர்மென்ட்டையே குடுக்கச் சொல்லிக் கேப்போம்" என்றார். வழக்கு வாய்தா வாய்தாவாக நகர்ந்தது. அதற்குள் படுக்கைப்புண் (ஒரே பக்கம் கிடந்து தோல் அழுகுவது) சீழ் பிடித்து, என் வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்விட்டார். மனுதாரர் இடத்தில் என் பெயரை எழுதினார்கள்.

ஜெயித்தோம். அவர் இறந்த நாள்வரைக்குமான உதவித்தொகையும் வக்கீல் கட்டணமும் தரச் சொல்லி உத்தரவு. கட்டணம் எவ்வளவு என்று முடிவு செய்ய இன்னொரு விசாரணை. அவர் உயிரோடு இருந்தபோது அவசரமே படாத அரசுத் தரப்பினர் அன்று மும்முரமாக வந்திருந்தார்கள். எங்கள் வக்கீல் கொடுத்த பட்டியலை அரசு வக்கீல் வரிவரியாகப் படித்தார்.

"கட்சிக்காரர் வீட்டுக்குச் சென்றது, ஒரு மணி நேரம். இது வழக்குக்குத் தேவையே இல்லை."

அந்த ஒரு மணி நேரம் எனக்குத் தெரியும். அவர் நிலைமையை நேரில் பார்க்க வக்கீலம்மா வந்த நாள். என்னைக் காட்டி, "இவங்க யாருண்ணா?" என்று கேட்டுவிட்டுப் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் வாய் கோணி, எச்சில் வழிய, சொல்லைத் தேடிக்கொண்டே இருந்தார். கடைசியில், "எ... எங்கூட்டு... மாலா" என்றார். நோயில் விழுந்தபின் அவர் என் பெயரைச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

நீதிபதி அந்த வரியை அடித்துவிட்டு மீதிக்கு உத்தரவு போட்டார். "போனா போவுதுக்கா, மீதி வந்துடுச்சில்ல" என்றார் வக்கீல். நான் கோர்ட்டிலேயே வாய்விட்டு அழுதேன். பணத்துக்காக அழுகிறேன் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

அவரைத் தாங்கிப் பழகிய என் இடது தோள் இப்போதும் தாழ்ந்தே இருக்கிறது. நாள் கிழமை நினைவில் நிற்பதில்லை. அவரோடு வாழ்ந்ததில் இன்ன நேரம் என்று நான் உறுதியாகச் சொல்லக்கூடியது அந்த ஒரு மணி நேரம்தான். அது தேவையில்லை என்று உத்தரவில் இருக்கிறது.