வலப்பக்கம் மேலே

படிச்சிட்டு சிரிக்கிறவங்க சிரிச்சுக்குங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. தலத்தெருவுல, என் வீட்டு முன் ரூம்ல நடந்துச்சு. அதுவும் பட்டப்பகல்ல.

நான் சந்திரா, லேடீஸ் டெய்லர். வீட்டுக்காரர் போனப்புறம் எனக்குன்னு இருந்தது ஒரே பொண்ணு, இனியா. அவளும் டெங்குல விழுந்து, ஐ.சி.யூ.ல கெடந்து பொழச்சு வந்தா. காலேஜ் விழாவுல கிமோனோ, அதான் ஜப்பான்காரங்க போடற நீள அங்கி, அதைக் கட்டி மேடை ஏறணும்னு கேட்டா. பொழச்சு வந்த புள்ள, எதைக் கேட்டாலும் குடுக்கத் தோணும்ல?

கப்பல்ல வேலை பாக்குற என் தம்பி சிவராமன் போன லீவுல ஜப்பான்லேருந்து ஒரு கிமோனோவும் வாளும் கொண்டாந்திருந்தான். கருநீலப் பட்டு. கீழ்க்கரையில மட்டும் வெள்ளை நாரைங்க பறக்கும். உடம்புக்குப் பிடிக்கிற டார்ட் மடிப்பு கெடையாது, வளைச்ச வெட்டு கெடையாது, எல்லாம் நேர் துண்டு. ஒரு தையல் கண்ணுக்குத் தெரியணுமே! எனக்கே பொறாமையா இருந்துச்சு. வாள் கூரில்லாததுதான். ஆனா பிடியில கயிறைக் கட்டம் கட்டமாச் சுத்தியிருந்த அழகு... உருவினா அலகு நெடுக அலை மாதிரி ஒரு கோடு.

விழாவுக்கு முதநாள் மத்தியானம். மழை. கரண்ட் இல்ல. கடைப் பொம்மைக்குக் கிமோனோவைப் போட்டேன். முன்பக்கம் தொறந்திருக்கும், ஒரு பக்கத்து மேல இன்னொரு பக்கத்தைப் போட்டுக் கட்டணும். வலப்பக்கம் மேலே.

"அம்மா, போன்ல பார்த்தேன். இடப்பக்கம்தான் மேல இருக்கு."

"அது ஆம்பளச் சட்டைக்குடி. ஜாக்கெட்ல எந்தப் பக்கம் மேல வருது? போன்ல எல்லாம் திரும்பித்தான் தெரியும். போய்ப் படு."

அவ தூங்கப் போயிட்டா. நான் சாப்பிட்டு வந்தேன். பொம்மையில இடப்பக்கம் மேலே இருந்துச்சு.

உள்ள எட்டிப் பார்த்தேன். நல்ல தூக்கம் அவ. மாத்திப் போட்டு பின் குத்தினேன். கத்திரிக்கோலை எடுக்கத் திரும்பினேன்...

க்ளிக்.

அலமாரி மேல இருந்த வாள், உறையிலேருந்து ஒரு விரலளவு வெளிய வந்திருந்துச்சு. நான் குத்தின பின்னெல்லாம் தையல் மெஷின் மேல வரிசையா இருந்துச்சு. துணி... இடப்பக்கம் மேலே.

 எனக்குக் கோவந்தான் வந்துச்சு.

"எவடி அது? என் தொழிலை எனக்கே சொல்லித் தர்றியா?"

ஊசியை எடுத்தேன். வலப்பக்கத்தை மேல போட்டு, பிரிக்க முடியாத மாதிரி தைக்க ஆரம்பிச்சேன். இனியா தலை வழியா மாட்டிக்கட்டும்.

என் மணிக்கட்டை யாரோ பிடிச்சாங்க.

சில்லுனு... சின்னக் கை.

உதறினேன். தைச்சேன். முடிச்சுப் போட்டேன்.

அப்புறம்... பொம்மைக்குப் பின்னாலேருந்து...

யாரோ தேம்பற சத்தம்.

மறுநாள் மேடையில என் பொண்ணு நின்ன அழகுக்கு ஹாலே கைதட்டுச்சு. வாளைத் தூக்கினா. அப்படியே சரிஞ்சா. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. என்னன்னு டாக்டருக்கும் சொல்லத் தெரியல.

காரியத்துக்குச் சிவராமன் வந்தான். மேடையில எடுத்த போட்டோவைப் பார்த்தவன் மொகம் வெளுத்துப் போச்சு.

"யாருக்கா இப்படிப் போட்டு விட்டது?"

"நான்தான். ஏன்டா?"

"அங்க உசுரோட இருக்கிறவங்களுக்கு இடப்பக்கந்தான் மேல வரும். வலப்பக்கம் மேல போடறது... பொணத்துக்குக்கா."

கிமோனோவை எரிச்சுட்டேன். ஆனாலும் மழை மத்தியானம்னா அந்தத் தேம்பல் கேக்குது. எனக்குப் பயமெல்லாம் இல்ல. வயிறு எரியுது. கையைப் பிடிக்கத் தெரிஞ்சுதே, பாவி... வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாடி?