சுட்டும் கை

விநாசித்தம்பியின் படப் புத்தகங்களில் ஆட்களே இருக்க மாட்டார்கள். ஒரு வலது கை மட்டும் பக்கத்தின் ஓரத்திலிருந்து நீண்டு, பெர்ரிக் கப்பலின் எஞ்சினையோ கொடிமலை ரயிலை இழுக்கும் கம்பிவடத்தையோ சுட்டுவிரலால் காட்டும்.

அது அவருடைய ஒரே மகள் யோகலட்சுமியின் கை.

பட்டர்வொர்த்தில் ஒரு கட்டுமான ஆபீசில் அவர் வரைபடம் போடுகிறவர். மாடிப்படியின் இடப்பக்கத்தை மறுபக்கமும் கோடு தெரியும் ட்ரேசிங் தாளில் வரைந்து, தாளைத் திருப்பிப் போட்டு வலப்பக்கத்தை எடுப்பார். பாதி வேலை மிச்சம். சாயங்காலம் பெர்ரியில் கடலைத் தாண்டித் தீவுக்குத் திரும்பி, ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீட்டில் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டுப் பிள்ளைகளுக்காக வரைவார். 1977இல் அச்சகக்காரர் ஷேக் அலாவுதீன்தான் தமிழ்ப் பள்ளிகளுக்கென்று இதை ஆரம்பித்து வைத்தார். லட்சுமிக்கு அப்போது பத்து வயது. கையை நீட்டி உட்கார்ந்த ஐந்தாவது நிமிடமே முனகுவாள்.

“கை கடுக்குதுப்பா.”

“மேசை மேல சும்மா கெடக்கற கை எப்படிக் கடுக்கும்? கட்டைவிரல்தான் பாக்கி.”

“சிரப் ஊத்துன ஐஸ் கச்சாங் வாங்கித் தருவீங்களா?”

“நகம் போட்டதும் போலாம்லா. ஆட்டாத.”

எட்டு வருஷத்தில் நான்கு புத்தகம் வந்தது. நான்காவது, தொழிற்சாலை மெஷின்களைப் பற்றியது. உள்ளே இருப்பது தெரிய வேண்டுமானால் மூடியைக் கழற்றி வரைய வேண்டும். தகடு அழுத்தும் மெஷினையும் அப்படித்தான் வரைந்தார். மேலிருந்து இறங்கும் இரும்புக் கட்டையை லட்சுமியின் விரல் காட்டிக்கொண்டிருந்தது.

மறு வருஷம் மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் அவளுக்கு வேலை கிடைத்தது. அதே மாதிரி மெஷின். அம்மாக்காரி பயந்தபோது விநாசித்தம்பி சிரித்தார். “உள்ள என்ன இருக்குன்னு அவளுக்குத் தெரியும். தெரிஞ்சவளுக்கு என்ன பயம்?”

ஏழாவது மாதம் வலது கையில் மூன்று விரல் போயிற்று. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட கையை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு லட்சுமி சொன்னாள்:

“வேகமா ஓடணும்னு மூடிய கழட்டிட்டாங்கப்பா. நம்ம புக்ல இருந்த மாதிரியேதான் இருந்துச்சு.”

குறை சொல்கிற குரலே இல்லை அது.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் வீட்டில் அவர் பேனாவைத் தொடவில்லை. கடல்மேல் புதிதாகக் கட்டிய பாலத்தைப் பற்றிய ஐந்தாவது புத்தகம், கை வர வேண்டிய இடமெல்லாம் வெற்றாக, அலமாரியில் கிடந்தது. அலாவுதீன் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“அண்ணே, பிள்ளைங்க மொதல்ல கையத்தான் தேடுதுங்க. வேற யார் கையாவது போடுங்களேன்.”

அடுப்படியிலிருந்து லட்சுமி வந்தாள். “வேற யார் கை எதுக்கு? இது இருக்குல்ல?” இடது கையை மேசைமேல் நீட்டினாள்.

விநாசித்தம்பி வரைந்தார். இந்தத் தடவை அவள் முனகவில்லை.

“பீச்சாங்கையால காட்டுறா பாருன்னு பிள்ளைங்க ஏசப் போவுதுங்கப்பா.”

“ஏசட்டும்லா.”

அவள் சிரித்தாள். விபத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள்.

மறுநாள் ஆபீசில், மதியச் சாப்பாட்டு நேரத்தில், மை தொட்டு முடிக்க அந்த ட்ரேசிங் தாள்களை எடுத்தார். முதல் தாளைப் பழக்கதோஷத்தில் திருப்பிப் போட்டார். வலது கை. ஐந்து விரலும் இருந்தன. சுட்டுவிரல் பாலத்தின் தூணைக் காட்டியது. சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே பார்த்துக்கொண்டிருந்தார். பறிபோனதை மகளுக்கு மீட்டுக் கொடுக்கிறோம் என்றே நினைத்தார். பதினாறு பக்கத்தையும் அப்படியே திருப்பி மை போட்டு அச்சகத்தில் கொடுத்தார். யாரிடமும் சொல்லவில்லை.

புத்தகம் வந்த அன்று லட்சுமி அதை மேசையில் வைத்துத் திறந்தாள். தாள் மூடாமல் இருக்க வலது கைச் சுண்டுவிரலால் அழுத்திக்கொண்டாள். முதல் படத்தையே நெடுநேரம் பார்த்தாள். பிறகு ஒரு பக்கம் விடாமல் கடைசிவரை புரட்டினாள்.

“நல்லா இருக்குப்பா. யார் கை இது?”

“உன்னோடதுதான்மா.”

“நான் குடுத்தது இது இல்லப்பா.” புத்தகத்தை மூடி அவர் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போனாள்.

ஆறாவது புத்தகத்தை அலாவுதீன் பல வருஷம் கேட்டுப் பார்த்தார். வரவில்லை. ஓய்வுபெறும்வரை விநாசித்தம்பி ஆபீசில் மாடிப்படிகள் வரைந்துகொண்டிருந்தார். தாளைத் திருப்பிப் போட்டால் ஒரு மணி நேரத்தில் முடியும் வேலையை, இடப்பக்கம் தனியாக, வலப்பக்கம் தனியாக, இரண்டு மணி நேரம் வரைவார்.