வரிசை தாண்டிய பச்சைக் குடம்

சிக்கல் என்ற ஊர்ப் பக்கத்தில் குழாயடி வரிசையில் ஆள் நிற்பதில்லை, குடம்தான் நிற்கும். வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். முதல் குடம் நிறைந்ததும், யார் அங்கே இருக்கிறார்களோ அவர்கள் மற்றதை எல்லாம் ஓர் அடி முன்னே நகர்த்திவிட வேண்டும். ஊரில் எந்தச் சண்டையும் சமாதானமாகும், குட வரிசைச் சண்டை மட்டும் ஆகாது.

பூமயிலின் மகள் செவ்வந்தி இதைப் பிறந்ததிலிருந்து பார்த்தவள்தான். ஆனாலும் இராமநாதபுரத்தில் அனிமேஷன் படிக்கப் போனவள், கடைசிப் பரீட்சைக்குக் குட்டிப் படம் ஒன்று செய் என்றதும் கடலை வரைந்தாள், அடுத்து மயிலை வரைந்தாள். இரண்டையும் சார் திருப்பிக் கொடுத்தார். "அசையுது, உசிரு இல்லையேம்மா" என்றார். அடுத்ததும் தேறாவிட்டால் சான்றிதழ் கிடையாது; மிளகாய்க் காட்டுக்குத்தான் திரும்ப வேண்டும்.

2008 கோடையில் ஒரு காலை, பல் விளக்கிக்கொண்டே குழாயடியைப் பார்த்தாள். ஆள் துணையில்லாமல் குடங்களே நகர்ந்து நகர்ந்து தண்ணீருக்குப் போவதாகத் தோன்றியது. இதைவிட வேறென்ன படம் வேண்டும்? கேமராவை இரவல் வாங்கி வந்து எதிர்ச் சுவரில் வைத்தாள். வரிசை நகரும்போதெல்லாம் ஒரு போட்டோ எடுத்துவிட்டு, நிழலில் உட்கார்ந்து அரட்டையடித்தாள்.

மறுநாள் வகுப்புக் கம்ப்யூட்டரில் அந்தப் போட்டோக்களை வேகமாக ஓடவிட்டாள். குடங்கள் நடந்தன. நடுவே, கழுத்தில் கயிறு கட்டிய பச்சைக் குடம் ஒன்று முன்னால் நின்ற இரண்டைத் தாண்டிப் போய், ஒன்றும் தெரியாத பிள்ளை போல நின்றுகொண்டது. கூடப் படித்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செவ்வந்திக்குச் சிரிப்பு வரவில்லை. அது அவள் அம்மாவின் குடம். பின்னுக்குப் போனதில் ஒன்று இராமலட்சுமி அத்தையுடையது; அம்மாவுக்கு மதினி. அவள் வாய்க்கு ஊரே பயப்படும்.

கம்ப்யூட்டரில் பச்சைக் குடத்தை அதன் இடத்திலேயே நிறுத்திப் பார்த்தாள். வரிசை ஒழுங்காகப் போனது, படம் செத்துப்போனது.

அம்மாவிடமே கேட்டாள். "ஏம்மா, வரிசை தாண்டுவியா நீ?"

பூமயில் மிளகாய்க் காம்பு கிள்ளுவதை நிறுத்தவில்லை. "ஆமா. நீ குளிச்சு எட்டு மணி பஸ்ஸப் பிடிக்கணும்ல?"

"படத்துல தெரியுதும்மா. எடுத்துரவா?"

"எடுத்துட்டா சார் ஒத்துக்கிருவாரா?"

"மாட்டாரு."

"அப்ப இருக்கட்டும். மதினிட்ட நான் பேசிக்கிறேன்."

படம் தேறியது. செவ்வந்திக்குச் சென்னையில் வேலையும் கிடைத்தது. கிளம்புமுன் பஞ்சாயத்து டிவியில் படத்தைப் போட்டுக் காட்டினாள். எல்லாரும் சிரிக்க, இராமலட்சுமி எழுந்து, "அது யாரு குடம்?" என்றாள்.

"என் குடந்தான் மதினி. பிள்ளைக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"சொல்லியிருந்தா நானே விட்டிருப்பேன்ல" என்று முறைத்துவிட்டு உட்கார்ந்தாள் இராமலட்சுமி.

பொங்கலுக்கு ஊர் வந்த செவ்வந்தி குழாயடியைப் பார்த்தாள். பச்சைக் குடம் கடைசியில் நின்றது.

"அத்தை இன்னும் கோவமாவா இருக்காக?"

"இல்லத்தா. முன்னால வையின்னுதான் சொல்றாக" என்றாள் பூமயில். "எனக்கு என்ன அவசரம்? பஸ்ஸுக்கு ஓட வீட்டுல ஆளா இருக்கு?"