கோட்டும் சூட்டுமாய் மலையேறிய ஸ்ரீஸ்கந்தராஜா

சுவிஸின் ஷ்லீரனில் இருபத்தாறு வருடங்களாக அலுவலகக் கட்டடங்களைத் துப்புரவு செய்துவரும் ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கு இன்னொரு முழுநேர வேலையும் இருந்தது: புத்தி சொல்வது. கோயில் தேரை எந்தப் பக்கமாகத் திருப்புவது, யாருடைய பிள்ளை எந்தப் படிப்புக்குப் போவது, எதற்கும் அவரிடம் ஒரு கருத்து தயாராக இருக்கும். சொந்த மகள் லக்சாயினி பதினைந்து வயதில் பள்ளிக்கூடம் போவதை நிறுத்தி, ஏழு மாதம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தபோதுதான் சரக்குத் தீர்ந்துபோனது. வெளியே நின்று அவர் ஆற்றிய உரைகள் அந்தக் கதவுக்கே மனப்பாடம்.

கடைசியில் டொக்டரின் யோசனைப்படி, துன் நகருக்கு மேலே மலையில் இருக்கும் ஒரு விடுதிப் பள்ளியில் அவளைச் சேர்த்தார்கள். காலையில் ஆடுகளுக்குத் தீனி, பிறகு பாடம், மத்தியானம் மலைநடை, கிழமைக்கு இரண்டு தரம் உளவியலாளரோடு பேச்சு. போன் கிடையாது. சனத்துக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே. "மகள் மலையில ஒரு இன்டர்நஷனல் கொலிஜில படிக்கிறாள்" என்றார். சுவிஸ் மலைகளில் ராஜகுடும்பத்துப் பிள்ளைகள் படிப்பதாகக் கேள்விப்பட்டிருந்த சனம், அவருக்கான மரியாதையை ஒரு படி உயர்த்தியது. அவரும் தன்னடக்கத்தோடு அதை ஏற்றுக்கொண்டார்.

அவள் மலைக்குப் போன ஐந்தாம் மாதம் வின்டர்தூரில் அவருடைய தங்கை மகளின் கல்யாணம் வந்தது. அதே கிழமையில்தான் பள்ளிப் பிள்ளைகளின் ஐந்து நாள் மலைப்பயணம்.

"பிள்ளை இல்லாமல் மண்டபத்துக்குள்ள கால் வைக்கேலாது," என்றாள் மனைவி பரமேஸ்வரி. "சனம் மோப்பம் பிடிச்சிடும். பள்ளியால நிப்பாட்டிக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

மகளை விலக்கிக்கொள்ளும் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பெற்றோர் வந்து பார்க்கும் நாளில் அவர் புறப்பட்டார். பள்ளி அனுப்பிய அறிவித்தலில் 'பெற்றோர்' என்ற சொல்லோடு வாசிப்பதை நிறுத்தியிருந்தார். பிள்ளையின் பள்ளிக்குப் போகும் தகப்பன் எப்படிப் போக வேண்டுமோ அப்படியே போனார்: கோட், சூட், கழுத்துப்பட்டி, முகம் தெரியும்படி துடைத்த சப்பாத்து, கையில் நாற்பது மட்டன் ரோல்ஸ். மற்றப் பெற்றோர் மலைச்சப்பாத்தோடு நின்றார்கள்.

பொறுப்பாளர் ஃபிராவ் வெங்கர் விதியைச் சொன்னார்: இரண்டு மணித்தியால நடை. பிள்ளை முன்னே, பெற்றோர் பின்னே. வழியில் யாரும் பிள்ளைக்குப் புத்தி சொல்லக் கூடாது.

அகதி விசாரணையிலேயே அசராத மனிதர் இப்போது வியர்த்தார்.

கால் மணித்தியாலம் தாக்குப்பிடித்தார். "பிள்ளை, கொஞ்சம் இடப்பக்கமா..."

"அப்பா, ரூல்," என்றாள் லக்சாயினி, திரும்பாமல்.

வாயை மூடியதும் வழுக்கினார். கரைந்த பனியின் சேற்றில் சூட்டோடு சம்மணம் கட்டி உட்கார்ந்துவிட்டார். ரோல்ஸ் தப்பியது.

அவள் சிரிக்கவில்லை, அதற்குப் பெரிய முயற்சி எடுத்தாள். பையிலிருந்து தன் கம்பளிக் காலுறைகளை எடுத்து, அந்தப் பளபளத்த சப்பாத்துகளுக்கு மேலே மாட்டிவிட்டாள். "இனி வழுக்காது. நான் வைக்கிற இடத்தில காலை வையுங்கோ."

வைத்தார். வழுக்கவில்லை.

உச்சியில் கல்லொன்றில் உட்கார்ந்து ரோல்ஸ் தின்னும்போது அவள் கேட்டாள், "அம்மா கல்யாணத்துக்குக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னவவோ?"

"ஓம்."

"வந்தால் மண்டபத்தில சிரிச்சுக்கொண்டு நிப்பன். பிறகு வீட்டை வந்து கதவைச் சாத்திடுவன். எனக்கு இன்னும் கொஞ்ச நாள் வேணும், அப்பா." கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள், "பயணத்தில ரெண்டாம் நாள் நான்தான் முன்னுக்குப் போறது."

அவருடைய கை சட்டைப்பைக்குப் போனது. அங்கேயே நின்றது.

"அண்டைக்கு மழை பெய்தால் என்ன செய்வாய்?" என்று கேட்டார். விடையைத் தானே வைத்துக்கொண்டு கேட்காத, அவர் வாழ்வின் முதல் கேள்வி. அவள் அரைமணித்தியாலம் விளக்கினாள். கடிதம் ஷ்லீரனுக்கே திரும்பி வந்தது.

கல்யாணத்தில், கோயிலில் பழக்கமான மகேந்திரன் எல்லாருக்கும் கேட்க விசாரித்தான், "அண்ணை, மகள் வரேல்லையோ? கொலிஜில சோதினையோ?"

பரமேஸ்வரி சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"கொலிஜ் எண்டது நான் விட்ட கதை," என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா. "பிள்ளைக்கு மனம் சரியில்லாமல் இருந்தது. மலையில ஆடு பார்த்து, நடந்து, டொக்டரோட கதைச்சுத் தேறி வாறாள். இண்டைக்கு ஏழு பேரைக் கூட்டிக்கொண்டு அவள்தான் முன்னுக்குப் போறாள்."

பந்தியில் வடைகள் பாதி வழியில் நின்றன.

கைகழுவும் இடத்தில் மகேந்திரன் பக்கத்தில் வந்து, தண்ணீரை வேகமாகத் திறந்துவிட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னான், "அண்ணை, என்ர மூத்தவளும் கதவு திறக்கிறாளில்லை. அந்த இடத்தின்ர நம்பர்..."

ஸ்ரீஸ்கந்தராஜாவின் நாக்கு நுனியில் மூன்று அறிவுரைகள் வந்து வரிசையில் நின்றன. மூன்றையும் விழுங்கினார்.

"எழுதித் தாறன். எத்தினை மாதமாய் அப்பிடி இருக்கிறாள்?"

மகேந்திரன் சொல்லத் தொடங்கினான். பாயாசம் முடிந்துவிட்டது என்று யாரோ கத்தும்வரை அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, மனிதர்தானே, ஒன்றே ஒன்று சொன்னார்.

"பார்க்கப் போகேக்க சூட் போடாதையும். ரெண்டு சோடி சொக்ஸ் கொண்டுபோம்."