எல்லப்பன் அண்ணனின் முக்கால் சுற்று

ஆரணியில் வேன் வைத்திருப்பவர்களுக்கும், பட்டு நூல் முறுக்கும் பட்டறைகளில் ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களுக்கும் எல்லப்பன் அண்ணனைத் தெரியும். போளூர் சாலையில் தகரக் கூரை போட்ட ஷெட் அவருடையது. அவர் வீட்டில் அண்ணன் தம்பி எல்லாரும் தறியில் உட்கார்ந்தவர்கள். இவர் மட்டும் பதினாறு வயதில் இன்ஜினுக்கு அடியில் போய்ப் படுத்தவர். இப்போது நாற்பத்தேழு வயது.

எல்லா வேலைக்கும் ஸ்பேனர் எடுப்பார். ஆயில் பில்டருக்கு மட்டும் எடுக்க மாட்டார். பில்டர் என்பது இன்ஜின் ஆயிலை வடிகட்டும், சொம்பு அளவுள்ள ஓர் இரும்பு டப்பா. அதன் வாயில் ஒரு ரப்பர் ரிங் இருக்கும். இன்ஜினில் அது உட்காரும் இடத்தைத் தறி வீட்டு நூல் கழிவால் துடைப்பார். ரப்பர் ரிங்கில் சுண்டுவிரலால் புது ஆயிலைத் தடவுவார். டப்பாவைத் திருகிக்கொண்டே போய், ரிங் இன்ஜினைத் தொட்டதும் ஒரு நொடி நிறுத்துவார். அங்கிருந்து முக்கால் சுற்று, வெறும் கையால். அவ்வளவுதான்.

"இன்னாண்ணா, ஊறுகா பாட்டில் மூடற மாதிரி மூடற?" என்று என் அண்ணன் குணா ஒருமுறை கேட்டான்.

"ஊறுகா பாட்டில் தொறக்கலன்னா நீ பொண்டாட்டிய கூப்புடுவ. இது தொறக்கலன்னா என்னத்தானடா கூப்புடுவ? நான் தொறக்கணும் இல்ல?"

பூட்டி முடித்ததும் டப்பாவின் அடி விளிம்பில் ஆணியால் சின்னதாகக் கீறுவார். வண்டியின் கடைசி இரண்டு எண், மாற்றிய மாதம். "போன மாசந்தாண்ணா மாத்தினேன்" என்று டிரைவர்கள் விடும் கதைக்கு அதுதான் அவர் வைத்திருந்த பதில்.

பில்டர் வாங்குவது ஒரே கடையில். அது சந்திரமோகனின் உதிரிபாகக் கடை. இருவரும் ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. சந்திரமோகன் கடை திறந்த நாளில் ஷட்டரைத் தூக்கிவிட்டவர் எல்லப்பன் அண்ணன். கழற்றிய பழைய பில்டர்களை ஆயில் வடியக் கவிழ்த்து வைத்து, மாதத்துக்கு ஒருமுறை சாக்கில் கட்டி அவரே அந்தக் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். "பழைய இரும்புக்குப் போடறேன்டா" என்று சந்திரமோகன் சொல்லியிருந்தார். எல்லப்பன் அண்ணன் அதற்கு ஒன்றும் வாங்கியதில்லை.

குணா ஓட்டும் எங்கள் வேன் செய்யாறு தொழிற்பேட்டைக்கு ஷிப்ட் ஆட்களை ஏற்றிப் போகும். நானும் பிளஸ் டூ முடித்து அங்கே ஒரு ஷூ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஜூன் மாதம் ஒரு காலை, ஆறு மணிக்கு முன்னால், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்ததை குணா பார்த்தான். ஓரம் கட்டுவதற்குள் இன்ஜின் கரகரவென்று ஒரு சத்தம் போட்டு நின்றுவிட்டது. இறங்கிப் பார்த்தால், வந்த வழியெல்லாம் ரோட்டில் கறுப்பாக ஆயில் கோடு. பதினெட்டுப் பெண்கள் ரோட்டோரம் நின்றோம். அன்றைக்கு யாரும் வேலைக்குப் போகவில்லை.

வேனைக் கயிறு கட்டி எல்லப்பன் அண்ணன் ஷெட்டுக்கு இழுத்து வந்தார்கள். பத்து நாள் முன்புதான் அவர் அதில் பில்டர் மாற்றியிருந்தார். கூட்டம் கூடிவிட்டது. எல்லப்பன் அண்ணன் விளக்கு எடுக்க உள்ளே போன நேரத்தில், சந்திரமோகன் எங்கிருந்தோ ஸ்கூட்டரில் வந்து இறங்கி, நேராக வேனுக்கு அடியில் கையை விட்டார். பில்டர் இரண்டே விரலில் கழன்று வந்தது.

"பாரு! ரெண்டு வெரல்ல வருது. எத்தினி வாட்டி சொல்லிகினு இருக்கேன், ஸ்பேனர் போட்டு டைட் பண்றான்னு. கேட்டாத்தான? உனுக்கு வயசாவுதுடா எல்லப்பா, கையில பலம் இல்ல."

எல்லப்பன் அண்ணன் கையில் விளக்குடன் வெளியே வந்திருந்தார். "அத குடு, பாக்கறேன்" என்றார்.

"பில்டர் கம்பெனிக்காரன் கிட்ட காட்டிட்டுத் தரேன்" என்று சந்திரமோகன் அதைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

குணா கத்தினான். வாயில் வந்ததெல்லாம் சொன்னான். நானும் சும்மா இல்லை. "இத்தன பேர் உசுரு இருக்கற வண்டிண்ணா இது" என்று நானும் சொன்னேன். அவர் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊருக்குள் அந்தப் பேச்சு ஒரே நாளில் பரவியது. எங்கள் வேன் ஒப்பந்தத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். எல்லப்பன் அண்ணன் முதல்முறையாக பில்டர் ஸ்பேனர் ஒன்று வாங்கினார். ஆனால் அதைப் போட்டு அவருக்குப் பழக்கமில்லை. கையால் திருகுவார், சந்தேகப்பட்டுக் கழற்றுவார், மறுபடி திருகுவார். முப்பது வருடமாக யோசிக்காமல் செய்ததை இப்போது எண்ணி எண்ணிச் செய்தார்.

அப்படிப் பயந்து பயந்து செய்ததில்தான் விஷயம் வெளிவந்தது. ரங்கம்மாள் அக்காவின் நூல் முறுக்கும் பட்டறையில் ஜெனரேட்டருக்குப் புது பில்டர் பூட்டப் போனார். டப்பாவை மெதுவாகத் திருகியபோது, உள்ளங்கையில் அடி விளிம்பு நெருடியது. பெயின்டுக்கு அடியில் ஏதோ பள்ளம். கழற்றி, வெளிச்சத்தில் பிடித்து, தின்னர் போட்டுத் துடைத்தார். நீலப் பெயின்டு போய் உள்ளே இருந்தது தெரிந்தது. 61, மார்ச். அவருடைய கையெழுத்து. மார்ச் மாதம் ஒரு ஸ்கூல் வேனில் அவரே பூட்டி, பிறகு அவரே கழற்றிச் சாக்கில் போட்ட பில்டர்.

ஷெட்டுக்குத் திரும்பி வந்து, இருப்பில் இருந்த பெட்டிகளை எல்லாம் பிரித்தார். இரண்டில் அவர் கீறல் இருந்தது. ஐந்தில் அதே இடத்தில் அரம் வைத்துத் தேய்த்திருந்தார்கள். ஒன்றை ரம்பத்தால் அறுத்தார். உள்ளே காகித மடிப்பு கறுத்துக் கெட்டியாகக் கிடந்தது. மேலே புதிதாக மாட்டியிருந்த ரப்பர் ரிங்கைச் சூடான ஆயிலில் போட்டுப் பார்த்தார். சிறிது நேரத்தில் அது வீங்கி, பூரி மாதிரி உப்பி, இழுத்தால் பிய்ந்தது. எங்கள் வேனில் ஆயில் எப்படிப் பீறிட்டது, டப்பா ஏன் இரண்டு விரலில் கழன்றது என்பது அப்போது அவருக்குப் புரிந்தது.

சந்திரமோகனின் கடைக்குப் போனார். அங்கே நடந்ததை அவர் எங்களிடம் சொன்னபடியே எழுதுகிறேன்.

சந்திரமோகன் மறுக்கவில்லை. "இன்னா பண்ண சொல்ற? எல்லாக் கடையிலயும் இதான் ஓடுது. புதுசு விக்கறத விட இதுல நாலு காசு நிக்குது."

"என் கிட்டயாடா?"

"நீ வேற, அவன் வேறன்னு பெட்டில எழுதியா வருது? கம்முனு இரு. ஒரு பில்டர் லூசா போச்சின்னு பேரு. ரெண்டு மாசத்துல மறந்துடுவானுங்க. இத போயி வெளிய சொன்னா உனுக்குத்தான் பேஜாரு. வித்தது நானு, பூட்டினது உன் கை."

"அன்னிக்கி வேனுக்கு அடியில கைய வுட்டப்பவே உனுக்குத் தெரியும் இல்ல?"

சந்திரமோகன் வேறு ஒரு வாடிக்கையாளரிடம், "சொல்லுங்க, இன்னா வேணும்?" என்று திரும்பிக்கொண்டாராம்.

எல்லப்பன் அண்ணன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சந்திரமோகன் சொன்ன கணக்கு சரியான கணக்குதான். ஆனால் அந்த மாதிரி பில்டர் இன்னும் எத்தனை வண்டியில் இருக்கிறதோ? அவர் நோட்டைப் புரட்டினார். இருபத்து மூன்று இன்ஜின். எதில் புதுசு, எதில் பழசு என்று அவருக்கே தெரியாது. ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொல்லி, தானே புது பில்டர் வாங்கி மாற்றுவது என்று முடிவு செய்தார். முதலில் வந்தது எங்கள் வீட்டுக்கு.

அறுத்த பில்டரையும் வீங்கிய ரிங்கையும் ஒரு மஞ்சள் பையில் கொண்டுவந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னார். குணா கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில், "இரு, இரு. அவனுக்குப் பழசு யாரு குடுத்தது?" என்றான்.

"நாந்தான். சாக்குல கட்டி."

"பூட்டினது?"

"நாந்தான்டா."

"அப்ப உனுக்கும் அவனுக்கும் கூட்டு. இப்ப சண்ட. அதனால எங்க கிட்ட வந்து நல்லவன் மாதிரி பேசிகினு இருக்க."

"குணா, ஏமாந்துட்டேன்னு சொல்லு. கேனையன்னு சொல்லு. அத மட்டும் சொல்லாத."

"வேற இன்னா சொல்லணும்? முப்பது வருசமா கையில தொட்டுகினு இருக்கற, பழசு எது புதுசு எதுன்னு உனுக்குத் தெரியலயா? யாரு கிட்ட சொல்ற?"

எல்லப்பன் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று நினைத்திருப்பார். அவர் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரிந்தது. பொய் சொல்கிறவர் தன் கையெழுத்தைத் தானே கொண்டுவந்து காட்ட மாட்டார். ஆனால் அண்ணன் முன்னால் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். அவர் போன பிறகுதான் குணாவிடம் கேட்டேன், "அவரு வந்து சொல்லலன்னா நமக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்று. "உனுக்கு ஒண்ணும் தெரியாது, போ" என்றான்.

மிச்சமிருந்த இருபத்து இரண்டு இடத்துக்கும் அவர் போனார். ஒன்பது பேர் பில்டரை மாற்ற விட்டார்கள். அதில் ரங்கம்மாள் அக்கா ஒருத்திதான் காபி கொடுத்தாள். மற்றவர்கள் இன்ஜினைத் தொடவே விடவில்லை. குணா சொன்ன அதே வார்த்தையைத்தான் எல்லாரும் சொன்னார்கள், கூட்டு என்று. அவர்களில் பலர் இப்போது வேறு மெக்கானிக்கிடம் போகிறார்கள். அந்த மெக்கானிக்குகள் பில்டர் வாங்குவது சந்திரமோகன் கடையில். விலை குறைவு என்று எல்லாருக்கும் தெரியும். ஏன் குறைவு என்றும் இப்போது தெரியும்.

எல்லப்பன் அண்ணன் ஷெட்டை மூடிவிட்டார். போளூரில் ஒரு டிராக்டர் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். நான் ஷூ கம்பெனியை விட்டுவிட்டு வேறு வேலை தேடி அலைந்துகொண்டிருந்த ஒரு நாள், பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். கிட்டே போய், "அன்னிக்கி நான் பேசியிருக்கணும்ணா" என்றேன்.

"நீ சின்னப் பொண்ணு. இன்னா பேசுவ?" என்றார். பிறகு, "அவன் பழச வித்தது கூட போவுதும்மா. அத்தினி பேரு முன்னாடி என் கையில பலம் இல்லன்னான். நானும் நம்பிட்டேன் இல்ல?" என்றார்.

போளூர் பஸ் வந்தது. அவர் ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்தார். பஸ் கிளம்பும்வரை என் பக்கம் திரும்பவில்லை.