பின்னாலிருந்து ஒரு குரல்

பரளச்சிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளிக்கு வாரம் ஒரு நாள் போகிறேன். பிள்ளைகளின் மனக்கஷ்டத்தை உட்கார்ந்து கேட்பது என் வேலை. மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை இரண்டு மாதமாக வாயே திறக்கவில்லை என்று தலைமையாசிரியை சொன்னபோது, “அதுக்கென்ன, பேச வச்சிரலாம்” என்று சொல்லிவிட்டேன். அந்த வாய்க்கொழுப்புக்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நான்கு வாரம் பொம்மை, கிரையான், பல்லாங்குழி எல்லாம் பார்த்தாகிவிட்டது. சொன்னதை எல்லாம் அழகாகச் செய்வாள், பேச மாட்டாள். தொண்டையில் ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் மந்திரித்துக் கையில் மூன்று கயிறு கட்டியிருந்தார்கள். அவள் அப்பா பைக்கில் விழுந்து, காலில் கம்பி வைத்து வீட்டில் கிடந்தார். அந்த அதிர்ச்சிதான் என்று நோட்டில் எழுதி வைத்தேன். எரிச்சலாக வந்தது, உண்மையைச் சொன்னால் அந்தப் பிள்ளை மேலேயே வந்தது. எட்டு வயதுப் பிள்ளையிடம் எரிச்சல்படுகிறவளுக்கு இந்த வேலை எதற்கு என்று பஸ்ஸில் என்னையே திட்டிக்கொண்டேன்.

ஐந்தாவது வாரம் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன். பாதி தூரத்தில் பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம். திரும்பினால் அவள்தான். காலில் செருப்பில்லை. டப்பாவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க நின்றாள்.

“ஏந்தாயி, இந்த முள்ளுக்குள்ள ஓடியார? ஒரு சத்தம் குடுத்திருந்தா நின்னுருப்பேன்ல?”

மாட்டேன் என்று வேகமாகத் தலையாட்டினாள். ரோட்டின் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு, கேட்டும் கேட்காமலும் ஒரு குரல்.

“கூப்பிட்டா பஸ்ஸு மோதிரும்.”

டப்பாவை வாங்கக்கூடத் தோன்றவில்லை எனக்கு. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். அன்றைக்கு அப்பா கிளம்பும்போது பின்னால் ஓடி “எங்கப்பா போற?” என்று கேட்டாளாம். எம்.ரெட்டியபட்டி போகிற வழியில்தான் அவர் விழுந்தார். ஆஸ்பத்திரியில் அவளுடைய அத்தை எல்லாருக்கும் கேட்கும்படி, “கெளம்புறவனப் பின்னால கூப்பிட்டுருக்கா, வெளங்குமா?” என்றிருக்கிறாள். யாரும் அதை மறுக்கவில்லை. கிளம்புகிறவரை எங்கே என்று கேட்டால் காரியம் கெடும் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. நானும் என் மகனை இதற்காகத் தலையில் குட்டியிருக்கிறேன். அது ஞாபகம் வந்து வெட்கமாக இருந்தது.

அவளைக் கூட்டிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போனேன். அப்பா கட்டிலில் இருந்தார், அத்தை கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். கேட்டதை ஒளிக்காமல் சொன்னேன்.

“கோவத்துல வாய் தவறி வந்துருச்சு டீச்சர். புள்ள மனசுல வச்சிருக்கும்னு கண்டனா?” என்றாள் அத்தை.

அப்பா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு மகளைப் பார்த்துச் சொன்னார். “நீ கூப்பிட்டதுக்கும் இதுக்கும் ஒண்ணுமில்லத்தா. நான் போனு பேசிக்கிட்டே ஓட்டுனேன். பள்ளத்தப் பாக்கல.”

“இத ஏண்டா இம்புட்டு நாளாச் சொல்லல?” என்றாள் அத்தை.

“ஏசுவீகன்னுதேன். பழி புள்ள மேல விழுந்துச்சு, பேசாம இருந்துட்டேன்.” சொல்லிவிட்டு அழுதார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வாக்கரைப் பிடித்து எழுந்தார். வாசலைப் பார்த்து, மகளுக்கு முதுகு காட்டி நின்றார்.

“நான் கெளம்புறேன். கூப்பிடு.”

அவள் கூப்பிடவில்லை. அவருக்குக் கால் நடுங்கியது. அத்தை உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது.

“எங்கப்பா போற?”

“டீக்கடைக்கு. போயிட்டு வாரேன்.”

அவர் தெருமுனை போய்த் திரும்பும்வரை, அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றாள். கையில் வடைப் பொட்டலத்தோடு முழுசாக வந்து சேர்ந்தார்.

அடுத்த வாரம் பள்ளியிலிருந்து கிளம்பினேன். கேட்டைத் தாண்டியதும் பின்னாலிருந்து, “டீச்சர், எங்க போறீக?”

பழைய பயம் எனக்குள் ஒரு நொடி எட்டிப் பார்த்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். திரும்பி நின்று பதில் சொன்னேன். “வீட்டுக்குத்தேன். அடுத்த வாரம் வாரேன்.”

அந்த அடுத்த வாரம் எனக்குக் காய்ச்சல். போகாவிட்டால் பின்னாலிருந்து கேட்டது தன் தப்பென்று நினைத்துவிடுவாளே என்று, மாத்திரையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.