கோமதி வீட்டு ஆடுகளம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, பேயாடு போகும் பஸ்ஸுக்காகப் பழவங்காடியில் நின்றுகொண்டிருந்தேன். கையில் பூப்பந்து மட்டை. அப்போது கோமதியின் கணவர் விசுவநாதன் போனில் கூப்பிட்டார். "இன்னிக்கு ஆட்டம் இல்லேன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்," என்றவர் சற்று நிறுத்தி, "இல்லே, நீங்க வாங்கோ. கோமதி போயிட்டா. காலம்பற எழுந்திருக்கவே இல்லே," என்றார். வந்த பஸ்ஸில் ஏறினேன். மட்டையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டே போனேன்.

எங்கள் அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்குக் கோமதியை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வலியசாலையில் பிறந்து வளர்ந்தவள். கணக்குப் பிரிவில் என் பக்கத்து நாற்காலி. எங்கள் மகளிர் பூப்பந்து அணியின் தலைவி. மாலையில் கோப்புகளை மூடிவிட்டு, புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கட்டடத்தின் பின்னாலிருந்த மண் களத்துக்கு முதல் ஆளாகப் போய் நிற்பாள். அந்த இடத்தில் ஒருநாள் வண்டிகள் நிறுத்தும் கொட்டகை போட்டார்கள். நாங்கள் எல்லாரும் புலம்பினோம். அவள் மட்டும் வலையை அவிழ்த்துச் சுருட்டினாள். "கிடக்கட்டும், பின்னே வேணும்," என்றாள். அந்தப் 'பின்னே' வருவதற்குள் நாங்கள் எல்லாருமே ஓய்வு பெற்றுவிட்டோம்.

பேயாட்டில் அவர்கள் வீடு கட்டத் தொடங்கியபோது வரைபடத்தை என்னிடம் காட்டினாள். வீடு ஒரு மூலையில் ஒதுங்கியிருந்தது. மீதி முழுக்கக் களம். மண் களம் போட்டால் இங்கே பெய்கிற மழையில் பாதி வருஷம் சேறு; சிமெண்ட் அவள் முழங்காலுக்கு ஆகாது. அதனால் செயற்கைப் புல் என்று முடிவு செய்திருந்தாள்.

"கார் எங்கே நிக்கும்னு கேளுங்கோ," என்றார் விசுவநாதன் என்னிடம்.

"ரோட்டுல நிக்கட்டுமே. அது என்ன, மழையில கரைஞ்சா போயிடும்?" என்றாள் அவள்.

புல் விரிக்கும் வேலையை ஏற்றிருந்த அனில் என்ற இளைஞர் வந்து பார்த்தார். சரிவான மனை, ஒரு பக்கம் மண் கொட்டி உயர்த்தியிருந்தார்கள். "மேடம், புது மண்ணாக்கும். தாழும். ஒரு மழைக்காலம் கழியட்டும், அப்புறம் விரிக்கலாம்," என்றார். கோமதி கேட்கவில்லை. கிரகப்பிரவேசத்துக்குள் முடித்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஜல்லி பரப்பி, உருளை ஓட்டி, புல்லை விரித்து ஒட்டி, அதன் மேல் மெல்லிய மணலைத் தூவித் துடைப்பத்தால் தேய்த்துப் புல்லிடையே இறக்கினார்கள். வெள்ளைக் கோடுகள் விழுந்ததும் அவள் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கோட்டின் மேலேயே ஒரு சுற்று நடந்தாள்.

கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் பந்தல்காரர்கள் கடப்பாரையுடன் களத்துக்கு வந்தார்கள். சமையல்காரர் அடுப்பு வைக்கவும் அந்த இடத்தைத்தான் பார்த்தார். கோமதி குறுக்கே போய் நின்றாள். "இதுல குழி தோண்டப்படாது. தீயும் ஆகாது. மாடியில சமைச்சுக்கோங்கோ."

"பந்தல் இல்லாம ஒரு கிரகப்பிரவேசமா?" என்று விசேஷத்தன்று வந்த அவள் மைத்துனர் கோபப்பட்டார்.

"கிரகத்துக்குத்தானே பிரவேசம்? உள்ளே வாங்கோ," என்றாள். அவர் சாப்பிடாமலே போனார். அது அவளுக்கு வருத்தம்தான். மறுநாள் பட்சணத்தோடு அவர் வீட்டுக்குப் போய் வந்தாள். ஆனால் பந்தல் விஷயத்தில் மன்னிப்புக் கேட்கவில்லை.

ஜூன் மழையில் அனில் சொன்னபடியே ஆயிற்று. கிழக்கு மூலை உள்வாங்கி, தண்ணீர் குட்டைபோல் நின்றது. புல் விளிம்பு பிரிந்து மிதந்தது. விசுவநாதன் அனிலைக் கூப்பிட்டுக் கத்தப் போனார். கோமதி போனை வாங்கினாள். "அனிலே, உன் மேல ஒரு தப்பும் இல்லே, கேட்டியா. அவசரப்பட்டது நானாக்கும். இனி நீ சொல்றப்போ செய்யலாம்." அந்த மழைக்காலம் முழுதும் சுருட்டிய புல் தார்ப்பாய்க்குள் கிடந்தது. நான் பார்க்கப் போகும்போதெல்லாம் அவள் குடை பிடித்துக்கொண்டு அந்த மூலையில் நின்று தண்ணீர் ஓடும் வழியைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

மழை விட்டதும் அடித்தளத்தை நிரவி, ஓரத்தில் வடிகால் வெட்டி, மறுபடி விரித்தார்கள். பழைய அணியில் ஊரில் மிச்சமிருந்த நாங்கள் ஐந்து பேர். ஆறாவது ஆளாக விசுவநாதனை இழுத்துவிட்டாள். முதல் சனிக்கிழமை எவராலும் பந்தை வலைக்கு மேலே அனுப்ப முடியவில்லை. மூச்சு வாங்கியது, அதைவிடச் சிரிப்பு வந்தது. வெயில் ஏறினால் அந்தப் புல் காலைச் சுடும். அதனால் காலை ஒன்பதுக்குள் ஆட்டம் முடித்து, இட்லி. அவள் எதிரணியில் ஆடும்போது பந்து கோட்டில் பட்டதா இல்லையா என்று எனக்குச் சந்தேகம் வந்ததே இல்லை. தனக்குப் பாதகமானாலும் அவளே சொல்லிவிடுவாள்.

ஒருமுறை சென்னையிலிருந்து வந்த உறவுக்காரப் பெண் களத்தைப் பார்த்துவிட்டு, "பேரக்குழந்தைகள் லீவுக்கு வந்தா ஆடறதுக்கா மாமி?" என்று கேட்டாள். கோமதிக்குப் பதிலாக நான் முந்திக்கொண்டு, "டாக்டரும் நடக்கச் சொல்லியிருக்கார்," என்றேன். கோமதி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "டாக்டர் ஒண்ணும் சொல்லலே. எனக்கு ஆட ஆசை. அதுக்குப் போட்டேன்," என்றாள். அந்தப் பெண் போன பிறகு என்னிடம், "நமக்கு வேணும்னு சொல்றதுக்கு நமக்கு ஏண்டி இத்தனை கூச்சம்?" என்றாள்.

அவளிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான். நேற்று என் மகன், "கோமதி மாமியே இல்லே. இனி சனிக்கிழமை அங்கே எதுக்கம்மா?" என்று கேட்டான்.

"ஆடறதுக்கு," என்றேன்.